திரும்பி வரும் வழியையும் எழுதுங்கள்

(போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரிகளும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினி வலையமைப்பைப் பற்றிப் பேச இந்த ஊரைவிட்டு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2007இல் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதுவரை வாயால் கேட்ட விலையை, அதற்குப் பிறகு பொத்தானை அழுத்திக் கேட்கப் பழகினோம். போடியில் ஒரு கூடம், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் ஒரு கூடம். இங்கே ஏலம் நடக்கும் நாளில் வியாபாரி இங்கே வந்து உட்கார வேண்டியிருந்தது, அங்கே நடக்கும் நாளில் மலை ஏற வேண்டியிருந்தது. 2021இல் இரண்டு மையங்களையும் இணைத்தார்கள். எந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஏலத்தில் விலை கேட்கலாம் என்றாயிற்று. இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் பலருக்கு அதனால் மிச்சமான மலைப்பயணம் எவ்வளவு என்று தெரியும்.

அப்படி இரண்டு இடங்களை இணைப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கேபிளோ ரேடியோவோ வைத்து ஒரு கட்டடத்தை இன்னொரு கட்டடத்தோடு தொடவைப்பது முதல் வேலை. ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினி மற்றக் கட்டடத்துக் கணினியோடு பேசும்படி செய்வது இரண்டாவது. முதல் வேலை முடிந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். விளக்கு எரிகிறது, ரவுட்டரில் பச்சை தெரிகிறது, ஆனால் மலையில் இருக்கும் கணக்குப்புத்தகம் கீழே திறக்கமாட்டேன் என்கிறது. இன்று முழுக்க அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ரவுட்டிங் என்கிறோம் அதை.

முதலில் ஒரே கடைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நான்கு கணினி, ஒரு பிரிண்டர், கேமராப் பெட்டி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கிறது: 192.168.10.5, 192.168.10.6 என்பது போல. கூடவே 255.255.255.0 என்று இன்னோர் எண்ணும் இருக்கும், மாஸ்க் என்பார்கள். முகவரியின் முதல் மூன்று பகுதி ஒன்றாக இருந்தால் அது என் நெட்வொர்க்கைச் சேர்ந்தது, இல்லையென்றால் வெளியாள் என்று கணினிக்குச் சொல்வது அந்த மாஸ்க்தான். தன் ஆளுக்கு அனுப்ப வேண்டியதைக் கணினி நேரடியாக அனுப்பிவிடும். வெளியாளுக்கு அனுப்ப வேண்டியதை ஒரே ஒருவரிடம் கொடுக்கும். அவர்தான் கேட்வே, அதாவது உங்கள் ரவுட்டர். கணினியின் அறிவு அவ்வளவோடு முடிந்தது. அதற்கு மேல் எங்கே, எப்படி என்பதெல்லாம் ரவுட்டரின் பொறுப்பு.

ரவுட்டர் எப்படி முடிவு செய்கிறது? இதற்கு நான் மலையடிவாரத்துக் குரங்கணிக்குப் போகிறேன்.

மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் வெளியுலகுக்குப் போனது நம் பக்கமாகத்தான். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. மாடுகள் இழுத்தன. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் இறங்கும். அங்கிருந்து ரோப்வேயில் சுமார் 5 கிலோமீட்டர் சரிந்து கொட்டக்குடிக்கு வரும். அதனால் கொட்டக்குடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் வந்தது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்து ஏறுகிறவர்கள் வழியில் உள்ள ஓர் இடத்தை இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள். கொட்டக்குடியிலிருந்து மாட்டு வண்டியில் சுமார் 15 கிலோமீட்டர், போடிக்கு. போடியிலிருந்து மேற்கொண்டு பயணம், கடைசியில் கப்பலேறி இங்கிலாந்துக்கு.

இந்தப் பயணத்தில் டாப் ஸ்டேஷனில் வேலை பார்த்தவரை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. கடல் வழியாகப் போகிற பெட்டி என்றால் கீழே போகும் வடத்தில் மாட்ட வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. பாட்டம் ஸ்டேஷனில் இருப்பவருக்கும் முழு வழி வேண்டாம். போடி வண்டியில் ஏற்றினால் அவர் வேலை முடிந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் அடுத்த நிலையம் மட்டும் தெரிந்திருந்தால் போதும், பெட்டி உலகத்தின் மறுகோடிக்குப் போய்விடும். யாரிடமும் முழு வரைபடம் இல்லாமலே போய்விடும்.

ரவுட்டருக்குள் இருப்பது இதே ஏற்பாடுதான். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு செய்தி: எந்த நெட்வொர்க்குக்கு, அடுத்து யாரிடம். பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை என்றால் கடைசியாக 0.0.0.0 என்று ஒரு வரி இருக்கும். பெயர் தெரியாத எல்லாவற்றையும் இவரிடம் கொடு என்று அதற்குப் பொருள். வீட்டு ரவுட்டரில் அந்த ஒரு வரிதான் இணையத்தைப் பார்த்து நிற்கிறது. அந்த வரியும் இல்லையென்றால் ரவுட்டர் பாக்கெட்டை, அதாவது தன் கைக்கு வந்த செய்தித் துண்டை, கீழே போட்டுவிடும். வழி தெரியாத பாக்கெட்டை அது எங்கேயும் எடுத்து வைத்துக்கொள்ளாது.

1974இல் விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் அடிப்படையும் இதுதான். தனித்தனியாக வளர்ந்த நெட்வொர்க்குகளை ஒன்றாக்கிவிட வேண்டாம், அவை அவையாகவே இருக்கட்டும், நடுவில் ஒரு கேட்வேயை நிறுத்துவோம் என்றார்கள். 1983 ஜனவரி 1ஆம் தேதி இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. இன்று உலகம் முழுக்க ஓடுவது அதன் தொடர்ச்சி.

இனி வேலைக்கு வருவோம். போடியில் ஒரு கிட்டங்கி, பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டம், அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் இரண்டு கணினி. இந்த அவையில் பாதிப்பேரின் நிலைமை இதுதான். இரண்டையும் இணைக்க வேண்டும்.

முதலில் எண்ணைப் பாருங்கள். கடையில் வாங்கிய ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகினால் பெரும்பாலும் அது 192.168.1 அல்லது 192.168.0 என்றுதான் எண் கொடுக்கும். போடியிலும் அப்படியே செருகியிருப்பீர்கள், தோட்டத்திலும் அப்படியே செருகியிருப்பீர்கள். இரண்டும் 192.168.1. தனித்தனியாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. இணைத்த அன்று வேலை நின்றுவிடும். போடிக் கணினி தோட்டத்துக் கணினியின் எண்ணைப் பார்க்கிறது, முதல் மூன்று பகுதியும் தன்னுடையதுபோலவே இருக்கிறது, ஆகவே இது என் கடைக்குள்தான் இருக்கிறது என்று முடிவு செய்து கடைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. எத்தனை நல்ல ரவுட்டர் வாங்கி வைத்தாலும் அதன் கைக்குப் பாக்கெட் வந்தால்தானே?

இதற்குச் சுற்றுவழிகள் இருக்கின்றன, முகவரியை நடுவழியில் மாற்றிக் கொடுக்கும் வித்தைகள். அவற்றை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. ஒரு பக்கத்தின் எண்ணை மாற்றிவிடுங்கள். தனியார் உபயோகத்துக்கென்று 1996இல் ஒதுக்கிய எண்கள் ஏராளம் இருக்கின்றன: 10 என்று தொடங்கும் எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் எல்லாம். கிட்டங்கிக்கு 192.168.10, தோட்டத்துக்கு 192.168.20, நாளைக்கு வண்டன்மேட்டில் ஒரு அலுவலகம் போட்டால் 192.168.30. ஒவ்வொன்றிலும் 254 கருவிகள் வைக்கலாம். முதல் நாளே இப்படிப் பிரித்துவைத்தால் பின்னால் வரும் தலைவலியில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

அடுத்து, இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு. அதுவும் ஒரு நெட்வொர்க், சின்ன நெட்வொர்க். அதற்கும் தனி எண் வேண்டும். 10.0.0.1 போடி முனை, 10.0.0.2 தோட்ட முனை, மாஸ்க் 255.255.255.252. அந்த மாஸ்க் போட்டால் சரியாக இரண்டு கருவிக்குத்தான் இடம் இருக்கும். இரண்டு முனைக்கு அது போதும்.

இப்போது போடி ரவுட்டரில் ஒரு வரி எழுதுகிறோம்: 192.168.20.0 என்ற நெட்வொர்க்குக்குப் போக வேண்டியதை 10.0.0.2இடம் கொடு. ஸ்டேட்டிக் ரூட் என்று மெனுவில் இருக்கும், அங்கே மூன்று கட்டம்: போகும் இடம், மாஸ்க், அடுத்த நிலையம். நிரப்பிச் சேமிக்கிறோம்.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நான் இன்று சொல்ல வந்ததே இந்த இடத்தைப் பற்றித்தான்.

போடிக் கணினி அனுப்பிய பாக்கெட் போடி ரவுட்டருக்கு வருகிறது, வரியைப் பார்த்துத் தோட்டத்து ரவுட்டருக்குப் போகிறது, அங்கிருந்து தோட்டத்துக் கணினிக்கும் போய்ச் சேருகிறது. போகிற வழி முழுவதும் சரி. தோட்டத்துக் கணினி பதில் எழுதுகிறது. பதில் 192.168.10.5க்குப் போக வேண்டும். தோட்டத்து ரவுட்டரின் பட்டியலில் 192.168.10 என்று ஒரு வரியும் இல்லை. அது என்ன செய்யும்? தெரியாததையெல்லாம் இணையத்தின் பக்கம் தள்ளு என்று அதற்குச் சொல்லியிருக்கிறது, அங்கே தள்ளும். இணைய நிறுவனம் அந்தத் தனியார் எண்ணைப் பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடும். போடியில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் தெரிவது ஒன்றுதான்: பதில் இல்லை. அவர் ரேடியோவைச் சந்தேகப்படுவார், மழையைச் சந்தேகப்படுவார், கம்பத்தில் ஏறிப் பார்க்கச் சொல்வார். கம்பத்தில் ஒன்றும் இல்லை. தோட்டத்து ரவுட்டரில் எழுத வேண்டிய ஒரு வரிதான் இல்லை: 192.168.10.0க்குப் போக வேண்டியதை 10.0.0.1இடம் கொடு.

போகும் வழியும் திரும்பும் வழியும் இரண்டு தனி ஏற்பாடுகள். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வராது. ஒரு ரவுட்டருக்குத் தெரிவதை இன்னொரு ரவுட்டர் ஊகித்துக்கொள்ளாது. இதைப் புரிந்துகொண்டவர் இந்த வேலையில் பாதி கற்றுவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். போடி ரவுட்டருக்குள்ளிருந்தே பிங் செய்து, அதாவது பதில் கேட்டு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பார்த்தால் தோட்டத்துக் கணினி பதில் சொல்லும். போடிக் கணினியிலிருந்து பிங் செய்தால் பதில் வராது. ஏன்? ரவுட்டர் தானாக அனுப்பும்போது அனுப்புகிறவர் முகவரி 10.0.0.1 என்று போகிறது. தோட்டத்து ரவுட்டர் அந்த இணைப்பில் நேரடியாக இருப்பதால் அந்த எண் அதற்குத் தெரியும், பதில் திரும்பிவிடுகிறது. கணினி அனுப்பும்போது 192.168.10.5 என்று போகிறது, அது அதற்குத் தெரியாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் உடனே திரும்பும் வரியைப் பாருங்கள்.

சோதிக்கும்போது ஒரேயடியாகக் கடைசிக் கணினிக்குத் தாவக்கூடாது. உங்கள் கேட்வேயை முதலில் பிங் செய்யுங்கள். பிறகு இணைப்பின் இந்த முனை, பிறகு அந்த முனை, பிறகு அந்த ரவுட்டரின் உள்பக்கம், கடைசியாக அந்தக் கணினி. எந்தப் படியில் நிற்கிறதோ குறை அங்கேதான். எல்லாம் சரியாகிக் கடைசிக் கணினி மட்டும் பேசவில்லை என்றால் விண்டோஸின் ஃபயர்வாலைப் பாருங்கள். தன் நெட்வொர்க்குக்குள்ளிருந்து வரும் பிங்குக்குப் பதில் சொல்லிவிட்டு, வேறு நெட்வொர்க்கிலிருந்து வருவதைத் தடுப்பது அதன் வழக்கம். அந்தக் கணினியின் கேட்வே எண் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு அதையே ரவுட்டராக வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல்: லினக்ஸ் சாதாரணமாக ஒரு பக்கம் வந்த பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பாது. ஐபி ஃபார்வர்டிங் என்ற அமைப்பு 0 என்று இருக்கும், அதை 1 ஆக்க வேண்டும்.

நேரடி ரேடியோ இணைப்பு எல்லோருக்கும் அமையாது. மலைமுகடு குறுக்கே நிற்கும். அப்போது தோட்டத்தில் ஒரு சிம் போட்ட மோடம்தான் கதி. அதில் வேறொரு சங்கடம் இருக்கிறது. சிம் இணைப்பில் உங்களுக்கென்று வெளியுலகம் அறிந்த முகவரி பெரும்பாலும் கிடைக்காது. 100.64இல் தொடங்கி 100.127 வரை உள்ள எண்களில் ஒன்றைத் தருவது உண்டு, பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் நிறுத்துவதற்காக 2012இல் ஒதுக்கிய எண்கள் அவை. வெளியிலிருந்து அந்த மோடத்தைத் தேடிப்போக முடியாது. உள்ளேயிருந்து வெளியே வரத்தான் முடியும். ஆகவே தோட்டத்திலிருந்து போடிக்கு ஒரு சுரங்கத்தைத் திறக்க வேண்டும், விபிஎன் என்கிறோம். போடியில் நிலையான முகவரி உள்ள ஓர் இணைப்பு இருந்தால் போதும். வயர்கார்டு என்ற மென்பொருள் 2020இலிருந்து லினக்ஸின் உட்கருவிலேயே இருக்கிறது, செலவில்லை. அதில் சுரங்கத்தின் மறுமுனையில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று எழுதச் சொல்லும். அதுவும் வழி எழுதுவதுதான். இரண்டு முனையிலும் எழுத வேண்டும் என்ற விதி அங்கேயும் மாறவில்லை.

இரண்டு மூன்று இடங்களுக்கு இப்படிக் கையால் எழுதலாம். இருபது இடங்களுக்கு? ஒரு பாதை அறுந்தால்?

1924 ஜூலை வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அழிந்தது. திரும்பக் கட்டவே இல்லை. கையால் எழுதிய வழிக்கு இருக்கும் குறை இதுதான். பாலம் போன பிறகும் பட்டியலில் பழைய வரி அப்படியே நிற்கும், யாராவது போய் மாற்றும்வரை. அதனால்தான் ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசித் தாங்களே வழி கற்றுக்கொள்ளும் முறைகளை உருவாக்கினார்கள். ரிப் என்ற பழைய முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் 30 நொடிக்கு ஒருமுறை தனக்குத் தெரிந்ததைப் பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லும். 15 நிலையத்துக்கு மேல் இருந்தால் போகவே முடியாத இடம் என்று வைத்துக்கொள்ளும். ஓஎஸ்பிஎஃப் என்ற முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் முழு வரைபடத்தையே சேர்த்துக்கொண்டு, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கைப் போட்டுக் குறுகிய வழியைத் தேர்கிறது. போடி, பூப்பாறை, வண்டன்மேடு மூன்றும் முக்கோணமாக இணைந்திருந்தால் ஓஎஸ்பிஎஃப் வைப்பது நல்லது. இரண்டே இடம், ஒரே பாதை என்றால் வேண்டாம். போக வேறு பாதையே இல்லாத இடத்தில் வேறு பாதை தேடும் முறை எதற்கு?

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் வழி சொல்ல ஓடுவது பிஜிபி என்ற முறை. அங்கே ஒரு வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24 ஓர் உதாரணம். யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் ஒரு வழியை எழுதியது. யூடியூப் 1024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியாகத் தன்னை அறிவித்திருந்தது. பாகிஸ்தான் அதற்குள் இருக்கும் 256 முகவரிகளை மட்டும் குறிப்பிட்டு அறிவித்தது. எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறதோ அந்த வரிக்கே முதலிடம் என்பது ரவுட்டரின் சட்டம். அந்த அறிவிப்பு எல்லை தாண்டிக் கசிந்தது. உலகம் முழுவதும் யூடியூபைத் தேடிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போயின. சுமார் இரண்டு மணி நேரம் அப்படி இருந்தது. நம் கிட்டங்கி ரவுட்டரிலும் இதே சட்டம்தான். 0.0.0.0 என்ற பொதுவரி இருந்தாலும் 192.168.20.0 என்று குறிப்பாக எழுதிய வரி முந்திக்கொள்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நாம் எழுதிய வரிக்கு மதிப்பே இருந்திருக்காது.

நம் நாட்டிலும் வழி எழுதுவது ஒரு பெரிய பிரச்சினையாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் இணைப்பில் இருப்பவர் பக்கத்துத் தெருவில் வேறு நிறுவனத்து இணைப்பில் இருப்பவருக்கு அனுப்பும் செய்தி கடல்கடந்து போய்த் திரும்பி வரும் நிலை இருந்தது. இரண்டு நிறுவனமும் இந்தியாவுக்குள் சந்திக்கவில்லை என்பதுதான் காரணம். 2003இல் நிக்ஸி என்ற சந்திப்பு அமைப்பு ஏற்பட்டதே உள்நாட்டுச் செய்தி உள்நாட்டுக்குள்ளேயே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். பொருள் இங்கேயே விளைந்து இங்கேயே விலை போகும் ஊருக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோவது அரசின் திட்டம். குரங்கணி அடங்கிய கொட்டக்குடி ஊராட்சியும் அந்த எண்ணிக்கையில் ஒன்று. கேபிள் ஊராட்சி அலுவலகம்வரை வரும். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும், துணைச் சுகாதார நிலையத்துக்கும், ரேஷன் கடைக்கும் யார் வழி எழுதுவார்கள்? சென்னையிலிருந்து ஆள் வருவதற்குள் ஒரு பருவம் முடிந்துவிடும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்த பிள்ளைகள் போடியிலேயே இருக்க வேண்டும். 2012இலிருந்து இங்கே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் நீங்கள் பெரிய கருவிகள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கழித்துப்போட்ட இரண்டு கணினிகள், சில நெட்வொர்க் கார்டுகள், லினக்ஸ் ஒரு பிரதி போதும். இரண்டு நெட்வொர்க் அமையுங்கள், நடுவில் இணையுங்கள், ஒரு வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் புரியாதது அந்த ஒரு மாலையில் புரியும்.

வியாபாரிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ரவுட்டரை யார் அமைத்தாலும் அவர் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: கிட்டங்கியின் எண் என்ன, தோட்டத்தின் எண் என்ன, இணைப்பின் இரு முனை எண்கள் என்ன, போகும் வரி எது, திரும்பும் வரி எது. அந்தத் தாளில் ஒரு பிரதியைப் போடியில் ரவுட்டருக்குப் பக்கத்திலும், இன்னொன்றைத் தோட்டத்து ஸ்டோரிலும் ஒட்டிவையுங்கள். அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இந்த அவையில் இருக்கும் எந்த மாணவரும் உங்கள் இணைப்பைச் சரிசெய்து கொடுப்பார்.